சுரண்டைக்குப் போன ஆறு மீன்கள்

என் பக்கத்துக் கடைக்காரர் சிவனணைந்தபெருமாளிடம் மீன் வாங்கப் போகிறவர்கள் முதலில் திட்டுதான் வாங்குவார்கள். மீனெல்லாம் அதற்கப்புறம். தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் ரோட்டில் எனக்கு ஜெராக்ஸ் கடை, அவருக்குக் கலர் மீன் கடை. நடுவில் ஒரு தகரத் தடுப்பு. அவர் பேசுவது எனக்கு ஒரு சொல் விடாமல் கேட்கும். காதைப் பொத்திக்கொண்டாலும் கேட்கும். ராணுவத்தில் இருபத்திரண்டு வருஷம் இருந்துவிட்டு ஹவில்தாராக வெளியே வந்தவர். தொண்டை மட்டும் இன்னும் பென்ஷன் வாங்கவில்லை.

சொந்த ஊர் இலத்தூர். கல்கத்தா பக்கம் பணியில் இருந்தபோது பிடித்த மீன் பைத்தியம், ஊருக்கு வந்து கடையாக முளைத்தது. வியாபாரி என்று அவரைச் சொல்ல எனக்கு வாய் வராது. காசைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறவரைத் திருப்பி அனுப்புகிற ஆள். "தொட்டிய இன்னைக்குக் கொண்டு போங்க. தண்ணி ஊத்தி ஃபில்டர ஓட விடுங்க. மீனுக்கு அடுத்த மாசம் வாங்க" என்பார். வெறும் தண்ணீரை ஒரு மாதம் பார்த்துக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை? பாதிப் பேர் அடுத்த தெருக் கடைக்குப் போய்விடுவார்கள்.

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். மீன் கழிப்பது தண்ணீரில் அமோனியா என்ற விஷமாகிறது. அதைத் தின்று தீர்க்கும் கிருமிகள் ஃபில்டர் ஸ்பாஞ்சில் குடியேறி வளர நாலைந்து வாரம் ஆகும். அவை இல்லாத புதுத் தொட்டியில் தண்ணீர் பளிச்சென்று இருக்கும், மீன் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருக்கும். ஒருவர் ஐந்தருவியிலிருந்து இரண்டு கேன் தண்ணீர் பிடித்துப்போய் மூலிகைத் தண்ணீர் மீனுக்கு நல்லது என்று ஊற்றிவிட்டு, மூன்றாம் நாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். நல்ல மீனாகக் கொடுத்திருக்கலாமே என்று இழுத்தார்.

"மீன் நல்ல மீன்தான். நீங்கதான் கொன்னீங்க" என்றார் இவர்.

அவர் போனபின் நான் எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி, கொஞ்சம் பதமாப் பேசக்கூடாதா?" என்று கேட்டேன்.

"பொய் சொல்லச் சொல்லுதீரா யூசுப் பாய்?" என்றார்.

அவருக்கு மஞ்சு என்று ஒரே மகள். மனைவி இறந்து நாலு வருஷமாகிறது. மஞ்சுவைச் சுரண்டையில் கட்டிக்கொடுத்திருந்தார். மருமகன் முத்துச்செல்வம் போலீஸ், திருநெல்வேலியில் டியூட்டி. போன தை மாதம் மஞ்சுவுக்கு ஏழாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. அதற்கு முந்தின கார்த்திகையில், ஐயப்ப சாமிகள் கூட்டத்துக்கு நடுவே, புருஷனோடு குற்றாலம் போய் அருவி ஓரத்தில் ஒரு பத்து நிமிஷம் நின்று குளித்திருந்தாள். துக்கம் கேட்க வந்த பெண்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். மாசமா இருக்கும்போது அருவியில குளிக்கலாமா என்று ஒவ்வொருத்தியும் தனித்தனியாகக் கேட்டாள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவர்கள். எனக்கு அவர்கள்மேல் இன்றைக்கும் கோபம்தான்.

மஞ்சு அழவில்லை. "நான்தான் கொன்னுட்டேனா?" என்று ஒரு தடவை புருஷனிடம் கேட்டாளாம். அவன் இல்லை இல்லை என்று பதறியிருக்கிறான். அதற்கப்புறம் அவள் பேச்சே நின்றுபோனது. சமைப்பாள், சாப்பிடுவாள், சுவரோரம் உட்கார்ந்திருப்பாள்.

தாய் இருந்தால் பக்கத்தில் போய் உட்கார்ந்திருப்பாள். இவருக்கு அந்த வித்தை தெரியாது. மகள் வளர்ந்த காலமெல்லாம் எல்லையிலும் ரயிலிலும் கழித்தவர். ஒரு இரண்டடித் தொட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு சுரண்டைக்குப் போனார். தண்ணீர் ஊற்றி, ஃபில்டரை மாட்டி, ஒரு மாதம் போகட்டும் என்று சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் போனால், மகள் அந்த வெறும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அது அவருக்குத் தாங்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் தன் கடைத் தொட்டி ஒன்றிலிருந்து ஆறு ஜீப்ரா மீன்களைப் பிடித்துப் பையில் கட்டினார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணாச்சி, ஒரு மாசம்லாம் கிடையாதா?"

"நீரு உம்ம ஜெராக்ஸப் பாரும்."

கப்பி, மோலி அழகாக இருக்குமே என்றேன். "அது குட்டி போடும் பாய்" என்றார். எனக்கு ஏன் கேட்டோம் என்றாகிவிட்டது.

ஆனாலும் மனுஷன் தொழில் தெரிந்தவர். கடைத் தொட்டியில் ஒரு வருஷமாக ஓடிக்கொண்டிருந்த பழைய ஸ்பாஞ்சைப் பிடுங்கி, ஈரம் காயாமல் எடுத்துப்போய் அங்கே மாட்டினார். பழுப்பேறி, வழவழவென்று, பார்த்தால் தூர எறியத் தோன்றும். அதில்தான் அந்தக் கிருமிகள் குடும்பமாக இருக்கின்றன. அது இருந்தால் புதுத் தொட்டியும் ஓரளவு தாங்கிவிடும். தினமும் போய்ப் பார்க்க வேண்டும் என்றில்லை. ஆனால் அவர் தினமும் போனார். மத்தியானம் கடையை என்னிடம் ஒப்படைத்துவிட்டு, குளோரின் போகத் தண்ணீர் பிடித்து வைத்த இரண்டு கேன்களோடு சுரண்டை பஸ்ஸில் ஏறுவார். போய்க் கால்வாசித் தண்ணீர் மாற்றுவார், சோதனைக் குழாயில் சொட்டு மருந்து விட்டு நிறம் பார்ப்பார். மஞ்சள் என்றால் நிம்மதி, பச்சை என்றால் விஷம். ஒவ்வொரு நாளும் மஞ்சள்தான்.

"என்ன பாய், ஒண்ணுகூடச் சாகக்கூடாது. அந்த வீட்டுல இனி ஒண்ணு சாகக்கூடாது" என்று ஒரு நாள் என்னிடம் சொன்னார். குரல் தணிந்து அவர் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

மூன்றாவது வாரம் வெள்ளியும் சனியும் அவரால் போக முடியவில்லை. சென்னையிலிருந்து புது மீன் வந்திறங்கியது. ஞாயிற்றுக்கிழமை போனார். வாசலில் கோலம் போட்டிருந்தது. உள்ளே பினாயில் வாசனை. தரை, ஜன்னல் கம்பி, ஃபேன் இறக்கை எல்லாம் பளபளவென்று இருந்தன. தலைக்குக் குளித்து முடியை உலரவிட்டிருந்த மஞ்சு, "வாங்கப்பா" என்றாள். அந்த வீட்டில் அவள் தானாக வாய் திறந்து அவரைக் கூப்பிட்டு இரண்டு மாதமாகியிருந்தது. பிறகு தொட்டியைக் காட்டினாள்.

இரண்டு மீன் மிதந்தது. மிச்ச நாலும் தண்ணீர் மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடின. சொட்டு மருந்து விட்டதும் குழாய் கரும்பச்சையானது. அவர் ஃபில்டரைத் தூக்கினார். ஸ்பாஞ்ச் புதுசு மாதிரி வெளுத்திருந்தது.

"இத யாரு கழுவினா?" குரல் அவரை மீறி உயர்ந்துவிட்டது.

"நான்தாம்ப்பா. வெள்ளிக்கிழமல்லா, வீடு கழுவுனேன். இதுவும் ஒரே அழுக்கா இருந்துச்சு. குழாத் தண்ணியில நல்லா அலசி, மாடியில காயப்போட்டு எடுத்து வச்சேன்."

வெள்ளிக்கிழமை வீடு கழுவாத வீடு எங்கள் பக்கம் இருக்கிறதா? விளக்கு, உண்டியல், டிவி உறை வரை கழுவித் துடைத்துத்தான் விளக்கேற்றுவார்கள். இரண்டு மாதம் முடங்கிக் கிடந்த பெண் எழுந்து, இடுப்பில் சேலையைச் சொருகி, சமையலைத் தவிர முதன்முதலாகச் செய்த வேலை அது. அதில் இரண்டு மீன் போய்விட்டது. வழக்கமாக அவர் எல்லோரிடமும் சொல்கிற அந்த 'கொன்னீங்க' என்ற வார்த்தை தொண்டை வரை வந்ததாம். விழுங்கிவிட்டார்.

பாதித் தண்ணீரை மாற்றினார். செத்த இரண்டையும் தாளில் எடுத்தார். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல், "நான் கொண்டு வந்த தண்ணி சரியில்ல. கேன் பழசு. தப்பு என் மேலதான்" என்றார்.

மஞ்சு தொட்டி அருகே வந்து நின்றாள். நாலு மீனும் மெதுவாகக் கீழே இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொய் சொல்லுதீங்கப்பா" என்றாள். "ஸ்பாஞ்சக் குழாத் தண்ணியில கழுவாதீங்கன்னு நீங்க கடையில கத்துதத நான் எத்தன தடவ கேட்டிருக்கேன். அன்னைக்கு மறந்துட்டு. இப்பத்தான் ஞாபகம் வருது."

அவர் பழைய கேனின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"ஆஸ்பத்திரியில டாக்டரம்மாவும் உன் தப்பு ஒண்ணுமில்லன்னாக. வீட்டுல இவுகளும் அதத்தான் சொல்லுதாக. நீங்களும் கூட நின்னு தலைய ஆட்டுனீங்க. எல்லாம் இதே மாதிரிதானாப்பா?"

ஆறுதலுக்குச் சொன்ன ஒரு சின்னப் பொய், 'உன் தப்பு இல்லை' என்ற பெரிய உண்மையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகப் பார்த்தது. இதெல்லாம் அவர் பிறகு என்னிடம் சொன்னதுதான்.

கடைசியில் அவர் தரையில், அவளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"மீன் செத்தது நீ கழுவினதாலதான் மஞ்சு. அதுல இருந்த உசுரெல்லாம் வெயில்ல காஞ்சு போச்சு. மாட்டும்போதே நான் உன்கிட்டச் சொல்லியிருக்கணும், சொல்லல. ஆனா செத்தது அதனாலதான்."

அவள் தலையசைத்தாள்.

"பிள்ள உன்னால போகல. உனக்கு ஆறுதலுக்குச் சொல்லுதாகளோன்னு எனக்கும் சந்தேகம் இருந்துச்சு. நீ வீட்டுக்கு வந்த பெறவு, யாருக்கும் தெரியாம நான் மட்டும் டாக்டரம்மாகிட்டப் போனேன். அருவியில குளிச்சாளே, அதனாலயான்னு மூஞ்சிக்கு நேராக் கேட்டேன். ரிப்போர்ட்ட எடுத்துப் போட்டுச் சொன்னாக. தொப்புள்கொடியில முடிச்சு. பிள்ள உள்ள புரளும்போது விழுந்தது. நீ அருவிக்குப் போனாலும் விழுந்திருக்கும், போகாட்டாலும் விழுந்திருக்கும்."

"அத ஏன்ப்பா என்கிட்டச் சொல்லல?"

"எப்படி எடுத்துப் பேசுததுன்னு எனக்குத் தெரியல."

மஞ்சு அவர் முகத்தையே பார்த்தாள். தன் அப்பா எப்படிப் பொய் சொல்வார் என்று சற்று முன்தான் பார்த்திருந்தாள். இது அது இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அப்புறம் அழுதாள். ஆஸ்பத்திரியிலும் அதற்குப் பிறகும் அழாததை எல்லாம் சேர்த்து அழுதாள். அவர் எங்கே கை வைப்பது என்று தெரியாமல் அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

வெகுநேரம் கழித்து அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"முதல்லேருந்து சொல்லுங்கப்பா. நீங்க என்ன கேட்டீங்க, அவுக என்ன சொன்னாக."

அவர் முதலிலிருந்து சொன்னார்.