அலமாரிக்குள் ஒரு ஆக்சிஜன் மெஷின்

என் அண்ணி ஆக்சிஜன் மெஷின் மெக்கானிக். சுற்றியுள்ள காற்றை இழுத்து, நைட்ரஜனைப் பிரித்து வெளியே தள்ளிவிட்டு, ஆக்சிஜனை மட்டும் மூக்குக் குழாய்க்கு அனுப்புகிற பெட்டி அது. எந்த வீட்டில் அது மக்கர் செய்தாலும் அண்ணி போய் நிற்பார். அவர் கைபட்ட மெஷின் மறுபடி முரண்டு பிடித்து நான் பார்த்ததில்லை. எனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

அப்பாவுக்குத்தான் அந்த வேலை பிடிக்காது. "வீட்டு மருமக ஸ்பேனரோட திரியுறா" என்பார். நுரையீரல் கெட்டு அவருக்கே அந்தப் பெட்டி தேவைப்பட்டதும் மனிதர் சுருண்டுபோனார்.

ஒரு சாயங்காலம் அண்ணி வேலை முடிந்து வந்தபோது அப்பா கட்டிலில் திணறிக்கொண்டிருந்தார். குழாய் மூக்கில்தான் இருந்தது, ஆனால் உதடு நீலம் பாரித்துவிட்டது. நான் பதறிப்போய் ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போனைத் தேடினேன். அண்ணி தன் பையிலிருந்த சின்ன சிலிண்டரை அவருக்கு மாட்டிவிட்டு, மெஷின் குழாயைப் பிடித்துக்கொண்டே போனார். அது துணி அலமாரிக்குள் போய் முடிந்தது.

கதவைத் திறந்ததும் அனல் அடித்தது. சட்டைகளுக்கு நடுவே மெஷின் கத்திக்கொண்டிருந்தது.

"மாமா, இதை யாரு உள்ள தள்ளுனது?"

"நான்தான். சத்தம்... தெருவுக்கே கேக்குது."

தான் சீக்காளி என்று எதிர்வீட்டுக்காரருக்குத் தெரியக்கூடாதாம். வீம்புக்கும் ஒரு அளவு வேண்டாமா!

"அது வெளிய தள்ளுன காத்தையே அது திரும்ப இழுத்திருக்கு. அப்புறம் எங்கேருந்து ஆக்சிஜன் வரும்?" என்றார் அண்ணி. மெஷினை ஜன்னலோரம் உருட்டி, ஆறவைத்து, துணிப்பஞ்சு அடைத்துக்கொண்டிருந்த ஃபில்டரைக் கழுவி, உலர்த்தி மாட்டினார். மீட்டரில் ஆக்சிஜன் அளவு சரியாக வந்த பிறகுதான் குழாயை அப்பாவுக்கு மாற்றினார். எனக்கும் அப்போதுதான் உயிர் வந்தது.

ஆனால் மீட்டரை மட்டும் நம்புகிற ஆள் இல்லை அவர். ஸ்டூலை இழுத்துப் போட்டு அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"மாமா, என்னை நல்லா திட்டுங்க."

"எதுக்குடி?"

"எல்லார் வீட்டுலயும் இதான் டெஸ்ட்டு. மூச்சு வாங்காம திட்டுனா மெஷின் சரியாயிடுச்சுன்னு அர்த்தம். மருமகளைத் திட்ட உங்களுக்குச் சொல்லியா தரணும்?"

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"காலையில பையைத் தூக்குனா இருட்டுனப்புறம்தான் வீடு, ஊர்ல எவன் இருமுனாலும் நீதான் ஓடணும், மழையும் கிடையாது வெயிலும் கிடையாது, மூஞ்சியைப் பாரு எப்படி வாடிக்கெடக்குன்னு, மத்தியானம் ஒரு வாய் சாப்பிட்டியான்னு கேக்க அங்க யாரு இருக்கா உனக்கு?"

ஒரே மூச்சு. நடுவில் எங்கும் நிற்கவில்லை.

"என்ன, பாஸா?" என்றார் அப்பா.

அண்ணி பையிலிருந்து மத்தியானம் தொடாத டிபன் பாக்ஸை எடுத்து, அவர் எதிரிலேயே பிரித்தார்.