அடிக்குறிப்பில் அம்மா

என் அப்பா கல்லூரியில் சேர்ந்தபோது எனக்குப் பத்து வயது. நாங்கள் அப்போது புனேயில், போபோடியில் குடியிருந்தோம். கட்கிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில், செய்து முடித்த உருப்படிகளில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது அப்பாவின் வேலை. பதவி உயர்வுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும் என்றார்கள். இவர் போய் அஞ்சல்வழியில் ஆங்கில இலக்கியம் எடுத்தார். சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார். அப்பா கேட்டால்தானே!

முதல் கட்டுரையே திரும்பி வந்துவிட்டது. ஒரு சிறுகதையை அலசி எழுத வேண்டும். ஓய்வுபெறும் குமாஸ்தா ஒருவர், கடைசி நாள் பாதி வழியில் திரும்பிப் போய், அலுவலகத்தில் கிடந்த தன் உடைந்த குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறார். அவ்வளவுதான் கதை. அப்பா தொழிற்சாலை வழக்கப்படி எண் போட்டு எழுதியிருந்தார்: பாத்திரங்கள் மூன்று, சம்பவங்கள் நான்கு, குறைபாடு எதுவும் இல்லை. நடந்ததை எண்ணியிருக்கிறீர்கள், ஏன் நடந்தது என்று ஆதாரத்தோடு எழுதுங்கள் என்று பேராசிரியை சிவப்பு மையில் குறித்திருந்தார். பத்து நாளில் திருத்தித் தராவிட்டால் பரீட்சை எழுத முடியாது. ஒரு வருஷம் பாழ்.

நான்தான் வீட்டின் இங்கிலீஷ் மீடியம் மகாராணி ஆயிற்றே, உதவிக்குப் போனேன். நேர்மையானவர், உழைப்பாளி, அன்பானவர் என்று மூன்று தலைப்பு போட்டால் பத்துக்குப் பத்து என்றேன். அப்பா மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, ஒன்றையும் எழுதவில்லை.

உடைந்த குடைக்காக ஒரு மனுஷன் எதற்குத் திரும்பிப் போகிறான்? பார்த்தவரையெல்லாம் இதையே கேட்டார். ரிப்பேர் செய்தால் இன்னும் நாலு மழைக்காலம் ஓட்டலாமே என்றார் வடாபாவ் கடைக்காரர். கஞ்சப்பயல் என்றார் சித்தப்பா. சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த அம்மா நிமிரவே இல்லை.

"தினமும் வீட்டுக்கு என்னமோ ஒண்ணு வாங்கிட்டு வர்ற ஆளா இருப்பாரு. அன்னிக்கு ஒண்ணுமில்ல. வெறுங்கையோட எப்படிங்க வாசல்ல வந்து நிப்பாரு?"

அப்பா ஓடிப்போய்ப் புத்தகத்தைப் புரட்டினார். முதல் பக்கத்திலேயே இருந்தது: தினமும் மாலை குமாஸ்தாவின் சட்டைப்பையில், வீட்டுக்கு வாங்கிய கடலைப் பொட்டலம் இருக்கும், கடைசி நாள் மட்டும் இல்லை. நாங்கள் எல்லோரும் தாண்டிப் போன வரி! அன்று அப்பா உட்கார்ந்து எழுதியதைப் பார்க்க வேண்டுமே, சாப்பிடக்கூட எழுந்து வரவில்லை.

எழுதி முடித்து, பக்கத்தின் அடியில் ஒரு குறிப்பு போட்டார். இந்த விளக்கம் என் மனைவியுடையது, எங்கள் சமையலறையில் சொன்னது என்று, அம்மாவின் முழுப்பெயரோடு. எனக்கு மானமே போயிற்று.

"அம்மா எட்டாவதுதாம்ப்பா படிச்சிருக்காங்க. எல்லாரும் சிரிப்பாங்கப்பா!"

"விரிசலை யார் முதல்ல பார்த்தாங்களோ, அவங்க பேருதான் போடணும். நான் பார்க்கலையே."

ஆங்கிலம் தெரியாத அம்மா, தன் பெயர் எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டாள். வேண்டாவெறுப்பாக விரல்நுனியால் தொட்டுக் காட்டினேன்.

இருபதுக்குப் பதினேழு! அடிக்குறிப்பின் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு பெரிய டிக். என் அப்பா காலேஜில் பதினேழு வாங்கிவிட்டார் என்று பள்ளி முழுக்கத் தம்பட்டம் அடித்தேன். அடிக்குறிப்பைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை.

அம்மா அந்தத் தாளை வாங்கி மடித்து, பீரோவில் தன் கல்யாணப் புடவையின்மேல் வைத்தாள். ஒருநாள் ரிப்பன் தேடும்போது பார்த்தேன். மதிப்பெண் உள்ளே போய்விட்டது. பக்கத்தின் அடிப்பகுதி வெளியே தெரிந்தது. ஒரு காகிதத்தை ஒழுங்காக மடிக்கக்கூட அம்மாவுக்குத் தெரியவில்லையே என்று அலுத்துக்கொண்டு, பதினேழு மேலே தெரிகிற மாதிரி நானே மடித்து வைத்தேன்.

அடுத்த வாரம் பார்த்தால் மறுபடியும் பழையபடியே இருந்தது. நானும் விடாமல் மறுபடி திருத்தி வைத்தேன்.