வரப்புக்கு அந்தப் பக்கம் அடித்த மருந்து

எங்கள் கூடத்துச் சுவரில் ஒரு சந்திரிகை மாட்டியிருக்கிறது. மூங்கில் பாயின் மேல் மூங்கில் பட்டையைச் சுருள் சுருளாக வளைத்துக் கட்டிய தட்டி அது. முதிர்ந்த பட்டுப்புழுவை எடுத்து அதன் மேல் விட்டால், அந்தச் சுருளின் இடுக்குகளில் கூடு கட்டிக்கொள்ளும். சித்தி வீட்டுப் பரணில் கிடந்ததை அழகுக்காக எடுத்து வந்து மாட்டியவள் என் மகள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எழுபதுகளில், மொரப்பூர்ப் பக்கம் எங்கள் ஊரில் முதன்முதலாகப் பட்டுப்புழு வளர்த்தவர் சித்திதான். சித்தப்பாவின் அண்ணனான பெரியப்பாவின் நிலத்துக்கும் அவர்கள் நிலத்துக்கும் நடுவில் ஒரே வரப்பு. இந்தப் பக்கம் மல்பெரி, அந்தப் பக்கம் பருத்தி. இந்த முறை புழு ஒழுங்காகக் கூடு கட்டினால் மல்பெரி இருக்கட்டும், இல்லையென்றால் பிடுங்கிவிட்டு அங்கேயும் பருத்தி போடலாம் என்று அண்ணனும் தம்பியும் பேசி முடித்திருந்தார்கள். சித்தியை யாரும் கேட்கவில்லை.

புழு அறைக்குள் நுழைய அத்தனை ஆசாரம். கால் கழுவ வேண்டும். பீடி நாற்றம், பவுடர் வாசனை ஆகாது. வீட்டு விலக்கான பெண்கள் வாசலை மிதிக்கக் கூடாது. பெரியப்பாவே கால் கழுவிவிட்டுத்தான் எட்டிப் பார்ப்பார். அவ்வளவு பயபக்தி உள்ளவரிடம் சித்தி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"பருத்திக்கு மருந்தடிக்கறதுக்கு முந்தின நாளே ஒரு வார்த்த சொல்லுங்க மாமா. தழையப் பறிச்சு வெச்சுக்கறேன்."

"நான் எஞ்செடிக்குத்தான அடிக்கறேன், உந்தழைக்கா அடிக்கறேன்?" என்று சிரித்தார் பெரியப்பா.

சொல்லாமலேயே அடித்தார். காற்று இந்தப் பக்கம் வீசியது. அது தெரியாமல் பறித்துப் போட்ட தழையைத் தின்ற புழுக்கள் பச்சை நீரைக் கக்கிச் சுருண்டன. கூடு கட்ட இரண்டொரு நாள்தான் பாக்கி. புதுச் சந்திரிகைகூட வாங்கித் தயாராகச் சாய்த்து வைத்திருந்தார் சித்தி.

ஊர் கூடிக் காரணம் கண்டுபிடித்தது. தீட்டாம்! "யாரோ தீட்டோட உள்ள போயிருக்கீங்க" என்று பெரியப்பாவும் அதையே சொன்னார். அதுவரை அவர் எதிரில் குரலை உயர்த்தாத சித்தி அன்று கேட்டார்:

"பூச்சியக் கொல்ற மருந்துங்க மாமா அது. எது உங்க பூச்சி, எது எம்பூச்சின்னு பாத்தா கொல்லும்?"

சித்தப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். சில நாட்களில் மல்பெரியைப் பிடுங்கிப் போட்டார்கள். அங்கே விளைந்த பருத்தியைச் சித்தியே குனிந்து எடுத்தார்.

இப்போது துணிக்கடைகளில், பருத்தியும் பட்டும் இயற்கையின் கொடை என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒன்றுக்கு அடித்த மருந்தில் இன்னொன்று செத்த கதையை அங்கே யாரிடம் சொல்வது? சொன்னால், விலையைக் குறைக்க வழி பார்க்கிறேன் என்று நினைப்பார்கள்.

போன மாதம் சித்தி வந்திருந்தார். சந்திரிகையின் சுருளுக்குள் விரலை விட்டுத் தடவிக்கொண்டே நின்றார்.

"எவ்ளோ பழசு! ஆனா ஒரு நூல்கூட ஒட்டாம எவ்ளோ சுத்தமா இருக்கு பாருங்க சின்னாயா" என்றாள் மகள்.

"சுத்தமாத்தான் இருக்கும்" என்றார் சித்தி. "எம்பூச்சிங்க ஒண்ணுகூட இதுல ஏறலியே."