இழுக்கும் சொல்லில் மாறும் கார்டு

எங்கள் குப்பத்தில் கீபோர்டு வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் கலைவாணி. காலையில் பழவேற்காட்டில் இறால் விற்பாள்; கல்யாண சீசனில் பொன்னேரி மெல்லிசைக் குழுவோடு மேடை ஏறுவாள். வாய் கொஞ்சம் நீளம். பக்கத்து வீட்டுக்காரியான எனக்கு அந்த வாயிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட அனுபவமும் உண்டு, அது இல்லாமல் பொழுது போகாது என்பதும் உண்டு.

ஆடியில் எங்கள் அம்மன் படகேறி ஏரியைச் சுற்றி வருவாள். திரும்பியதும், அம்மன் உட்கார்ந்தபடியே படகைக் கரைமேட்டுக்கு இழுக்க வேண்டும். இரண்டு பக்கமும் கயிறு. நடுவில் நின்று பாடுவது கலைவாணியின் நைனா வேணு. அவர் ஓர் அடி பாடும்வரை கைகள் கயிற்றைப் பிடித்தபடி நிற்கும். அடி முடிந்ததும் எல்லோருமாக "ஏலா" என்பார்கள். அந்தச் சொல்லில்தான் இழுப்பு.

போன வருஷம் கலைவாணி ஊராரிடம் கெஞ்சிக் கூத்தாடி, அந்தப் பாட்டுக்கு வாசிக்க அனுமதி வாங்கினாள். கார்டு என்பது பாட்டின் சுரத்துக்கு அடியில் மூன்று கட்டைகளைச் சேர்த்து அழுத்துவது. மேடைப் பழக்கத்தில் நைனாவின் சொல்லுக்குச் சொல் கார்டை மாற்றினாள். கேட்க ஜோராகத்தான் இருந்தது. ஆனால் ஸ்பீக்கர் பக்கம் நின்றவர்கள் சத்தம் மாறியதுமே இழுத்துவிட்டார்கள். எதிர்ப்பக்கத்தார் "ஏலா"வுக்குக் காத்திருந்தார்கள். படகு குறுக்கே திரும்பியது. சாய்ந்த அம்மனைப் பூசாரி தாங்கிப் பிடித்தார்.

"பொம்பள கை வெச்சா இப்டிதான் ஆவும். இனிமே அந்தப் பொட்டி கரைக்கு வரக்கூடாது" என்றார் ஊர்த்தலைவர் ராஜேந்திரன்.

"தப்பு நான் போட்ட கார்டுல. பொம்பளைன்றதுல இன்னா தப்பு?" என்றாள் கலைவாணி.

அத்தனை பேரும் தலைவருக்குத் தலையாட்டினார்கள்.

அதற்காக அவள் ஓய்ந்துவிடவில்லை. நைனா பாடியதைப் போனில் பதிந்து வைத்துக்கொண்டு, இறால் கூடையை இறக்கிய கையோடு உட்கார்ந்துவிடுவாள். அடி முழுக்க ஏ மைனர் என்ற ஒரே கார்டை அழுத்திப் பிடித்தாள். "ஏலா"வில் மட்டும் எஃப் மேஜருக்குப் போனாள். அடி முடிகிற இடத்தில் நைனாவின் சுரம் அந்த மைனரோடு ஒட்டாமல் உரசும். குழுவில் கிடார் வாசிக்கும் ரஞ்சித் வந்து கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"இன்னாக்கா, காதுல குத்துது. அந்த எடத்துல மாத்திடேன்."

"குத்தட்டும். அங்க மாத்துனா இழுத்துடுவானுங்க. 'ஏலா' வர்ற வரிக்கும் குத்திக்கினே இருக்கணும்."

இந்த ஆடிக்கு அவள் யாரிடமும் போய் நிற்கவில்லை. அவள் வீடு கரைமேட்டை ஒட்டியது. தன் வாசலில், தன் வீட்டுக் கரண்டில் கீபோர்டைப் போட்டு உட்கார்ந்தாள். படகு கரை தொட்டது, நைனா பாட்டெடுத்தார், இவளும் மைனரை அழுத்தினாள். முதல் "ஏலா"வுக்கே இரண்டு கயிறும் ஒன்றாக விறைத்தன. படகு கோணாமல் ஏறியது. எனக்கு நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

பாதி மேட்டில்தான் ராஜேந்திரனுக்கு ரோஷம் வந்தது. அவரும் கயிறு பிடித்திருந்தார். நைனா ஓர் அடியைப் பாடி முடித்த நேரம் பார்த்து, "யம்மா, நிறுத்து அத" என்று கத்தினார்.

கலைவாணி கட்டையிலிருந்து விரலை எடுக்கவில்லை. மைனர் அப்படியே நின்றது. "ஏலா" சொல்லத் திறந்த வாய்களும் அப்படியே நின்றன.

"நிறுத்திட்றேன் தலைவரே. மொதல்ல நீங்க கவுத்த வுடுங்க."

மேட்டில் பாதியில் அம்மன்; கயிற்றை விட்டால் படகு சறுக்கிவிடும். எல்லோரும் ராஜேந்திரனின் கையைப் பார்த்தார்கள். அவர் விடவில்லை. கலைவாணி எஃப் மேஜரை அழுத்தினாள். ஊரோடு சேர்ந்து அவரும் "ஏலா" என்று இழுத்தார்.