ஒட்டு விழாத தளம்

அறுபதுகளின் கடைசி. எனக்குக் கல்யாணமாகி ஆவடி குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்த புதிது. தொழிற்சாலை வேலைக்காகவும் பட்டாள வேலைக்காகவும் எங்கெங்கிருந்தோ வந்து சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பங்கள், ஒரு காலி மனையில் சின்னதாக ஆலயம் கட்டிக்கொண்டிருந்தோம். தமிழர், மலையாளி, தெலுங்கர், ஆங்கிலோ-இந்தியர், எல்லோரும் உண்டு. அதுவரை கீற்றுக் கொட்டகையில்தான் ஆராதனை, மொழிக்கு ஒரு நேரம்.

சுவர் எழும்ப எழும்பச் சண்டையும் எழும்பியது. புது ஆலயத்தில் காலை ஒன்பது மணி யாருக்கு? வெயில் ஏறுமுன் ஜெபித்துவிட்டு வீட்டுக்குப் போய்க் குழம்பு வைக்கலாமே, எல்லோருக்கும் அதே நேரம்தான் வேண்டும்! பக்கத்து வீட்டு மலையாளச் சேச்சியும் நானும் அதற்காக ஒரு மாதமாய் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர்கள் ஆட்கள் தனியாக வேறு இடம் பார்க்கிறார்கள் என்றும் பேச்சு. எனக்கு அந்த ஊரில் இருந்த ஒரே சிநேகிதி அவர்தான். உள்ளுக்குள் பதறினாலும் வீம்புக்கு மட்டும் குறைச்சலில்லை.

கூரைக்குக் கான்கிரீட் தளம் போடும் நாள் வந்தது. விடுமுறை என்பதால் எல்லோரும் வேடிக்கை பார்க்க வந்திருந்தோம், அவரவர் கும்பலாக. மேஸ்திரி மேனாம்பேட்டுக்காரர். சைக்கிளில் வந்த ஆட்களை வைத்துத் தொடங்கிவிட்டார். மீதிப் பேர் வேப்பம்பட்டிலிருந்து ரயிலில் வரவேண்டும். ரயில் வந்தபாடில்லை. பாதித் தளம் முடிந்தபோது இருந்தவர்களும் ஓய்ந்துபோனார்கள். வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது.

மேஸ்திரி சாரத்தின் மேலிருந்து கத்தினார்.

"இன்னாமா எல்லாம் வேடிக்கை பாத்துகினு கீறீங்க? பாதில நின்னா ஒட்டு வுழுந்துரும். அப்பால ஆயுசுக்கும் அந்த எடத்துல ஒழுவும். வந்து கை குடுங்க!"

முதலில் நகர்ந்தவர் யார் தெரியுமா? வடகிழக்கு மலைப்பக்கத்து ஜவான் ஒருவரின் மனைவி. எங்கள் மொழி எதுவும் தெரியாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டுப் போகிறவர். குழந்தையை முதுகில் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கலவைச் சட்டியைத் தூக்கி விறுவிறுவென்று சாரத்தில் ஏறிவிட்டார்.

அவ்வளவுதான். எப்போதும் கோட்டும் பூட்ஸுமாக வரும் ஆங்கிலோ-இந்தியர் பூட்ஸைக் கழற்றி எறிந்தார். "கமான் மேன், லைன்ல நில்லு!" என்று எல்லோரையும் இழுத்து நிறுத்தினார். யாருக்குப் பக்கத்தில் யார் என்று பார்க்க நேரமில்லை. நானும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வரிசையில் போய் நின்றேன்.

"பிடிச்சோ!"

திரும்பினால் சேச்சி. கையில் கனத்த சட்டி. ஒரு மாதத்துக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. வாங்கி அடுத்த கைக்குத் தள்ளினேன்.

"கொடுங்க சேச்சி, சீக்கிரம்!"

பிடிச்சோ, கொடுங்க, கமான், 'பிடி' என்பதற்குத் தெலுங்கரின் 'பட்டு'! எந்தக் கூச்சல் எந்த மொழி என்று பிரித்தறிய முடியவில்லை. தோள் கழன்றுவிடும் போலிருந்தது, ஆனால் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதுவரை அனுபவித்ததில்லை. மேஸ்திரி கடைசிச் சட்டியைக் கொட்டிப் பரப்பி, லேசாக இறுகுகிறவரை காத்திருந்து, ஜவான்கள் கொண்டுவந்த தார்ப்பாயை இழுத்து மூடவும் மழை பிடித்துக்கொள்ளவும் சரியாக இருந்தது.

கொட்டகைக்குள் ஒண்டி நின்று, சிமெண்ட் முகங்களோடு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். ஒன்பது மணியைப் பற்றி யாரோ மெதுவாகப் பேச்செடுத்தார்கள்.

"ஒன்பது மணிக்கு எல்லாரும் சேர்ந்து வரலாம். முதல் பாட்டு அவங்க பாடட்டே" என்று சேச்சி மலைப்பக்கத்துப் பெண்ணைக் காட்டினார். இத்தனை நாள் சண்டையில் அந்தப் பெண்ணுக்கு எந்த நேரம் வேண்டுமென்று நாங்கள் ஒருவரும் கேட்டதேயில்லை.

புது ஆலயத்தின் முதல் ஆராதனையில் அவர்தான் தன் மொழியில் பாடினார். ஒரு சொல்லும் புரியவில்லை. சேச்சியும் நானும் ஒரே பாயில் உட்கார்ந்து அழுதோம்.

எத்தனையோ மழைக்காலம் கடந்தும் அந்தத் தளம் ஒழுகவில்லை. இன்றைக்கும் புதிதாக ஒரு குடும்பம் ஆலய வாசலில் தயங்கி நின்றால் எனக்கு உட்கார்ந்திருக்க முடிவதில்லை. எழுந்து போய், அன்று சட்டிக்கு நீட்டிய அதே கையை அவர்களிடம் நீட்டிவிடுகிறேன்.