அரசருக்கு நான் போட்ட இருட்டு

1. மீசை வைத்த ராஜா

“பாய், யாருங்க இந்த ராஜா?”

பங்குச் சாமியார் குடையை மடக்கிக்கொண்டே கேட்டார். நான் கோயில் வாசலில் கட்டிய சவுக்குச் சாரத்தின் உச்சியில் உட்கார்ந்து கடைசி ஒயரை முறுக்கிக்கொண்டிருந்தேன். மறுநாள் சாயங்காலம் கிறிஸ்து அரசர் திருவிழா.

“உங்க ராஜாதான் ஃபாதர்!”

“எங்க ராஜாவுக்கு இவ்ளோ பெரிய மீசை கிடையாதுங்களே. இறங்கி வாங்க, பேசுவோம்.”

கீழே பிளைவுட் அறுத்துக்கொண்டிருந்த என் ஆசாரி கோவிந்தராஜ் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு எல்.இ.டி. பலகையும் கம்ப்யூட்டருமாகத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு என்னைத் தெரிய நியாயமில்லை. நாகூரில் பிறந்தேன். படிப்பு நாலாவதோடு சரி. தஞ்சாவூரில் சீரியல் லைட் கடை போட்டேன். தர்கா கந்தூரி, மாரியம்மன் பல்லக்கு, மாதா தேர், கட்சி மாநாடு என்று நான் வெளிச்சம் போடாத விசேஷம் டெல்டாவில் கிடையாது. பல்பிலேயே யானையை நடக்க விடுவேன். மயிலைத் தோகை விரிக்க வைப்பேன். எனக்கு மேலே ஒருத்தன் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

வித்தை இவ்வளவுதான். மோட்டாரில் ஒரு மர உருளை சுற்றும். நாங்கள் அதை ரோலர் என்போம். அதன்மேல் பித்தளைத் தகடு ஒட்டியிருக்கும். தகடு வந்து கம்பியைத் தொடும்போது அந்த வரிசை பல்பு எரியும். தொடாவிட்டால் எரியாது. தகட்டை எங்கே ஒட்டுவது, எவ்வளவு நீளம் ஒட்டுவது என்பதில்தான் தொழில் இருக்கிறது.

அந்த ஆர்டரைக் கொடுத்தவர் ஆரோக்கியசாமி. குவைத்தில் டிரைவர். அங்கே சண்டை வந்து எல்லாரும் சிதறியபோது, உயிரோடு வீடு சேர்ந்தால் கிறிஸ்து அரசருக்கு ஊர் காணாத வெளிச்சம் போடுகிறேன் என்று நேர்ந்துகொண்டவர். “ராஜான்னா ராஜாவா இருக்கணும் பாய். கையில வாள், கீழே குதிரை. பாத்தா எதிரி ஓடணும்” என்றார். உச்சியில் பட்டங்கள் எரியவேண்டும்: மெசியா, தாவீதின் மகன், அரசர்க்கரசர், இம்மானுவேல்.

என் கிடங்கில் ஒரு மாநாட்டுக்குச் செய்த ராஜா இருந்தார். முறுக்கு மீசை, கிரீடம், உருவிய வாள், பாயும் குதிரை. ராஜா என்றால் ராஜாதானே? தலைக்குப் பின்னால் ஒரு ஒளிவட்டத்தைச் சேர்த்து, கொண்டுவந்து நிறுத்திவிட்டேன்.

2. பட்டம் முதலில், ஆள் பிறகு

ஃபாதர் கோபப்படவில்லை. பிளைவுட் கட்டின்மேல் உட்கார்ந்துகொண்டு, “கட்சிக்காரங்களுக்குப் பட்டம் எழுதியிருப்பீங்களே பாய், எப்படி எழுதுவீங்க?” என்றார்.

“ஆள் வருவார் ஃபாதர். பேரைச் சொல்லுவாங்க. அண்ணனுக்கு எது எடுப்பா இருக்கோ அதைப் போட்டுருவோம்.”

“இங்க தலைகீழ். பட்டம் முதல்ல வந்துச்சு. ஆளுக்காக ஒரு ஜனமே காத்துக்கிட்டு இருந்துச்சு.”

எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். அந்தக் காலத்து யூதர்கள் ராஜாவை ராஜாவாக்கும்போது தலையில் எண்ணெய் ஊற்றுவார்களாம். அப்படி எண்ணெய் பூசப்பட்டவர்தான் மெசியா. அதையே கிரேக்கத்தில் சொன்னால் கிறிஸ்து. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த தாவீது என்கிற கடைசிப் பிள்ளையைக் கூப்பிட்டு எண்ணெய் ஊற்றினார்கள். உன் வம்சத்தின் அரியணை நிலைக்கும் என்று கடவுள் வாக்குக் கொடுத்தார். பிறகு பாபிலோன்காரன் வந்து நகரத்தைக் கொளுத்தினான். தாவீது வம்சத்து ராஜாவின் கண்ணைப் பறித்து, விலங்கு பூட்டி இழுத்துப் போனான்.

“அத்தோட முடிஞ்சிருக்கணுமே ஃபாதர்?”

“முடியலையே. அதுதான் ஆச்சரியம். பாரசீகன் ஆண்டான், கிரேக்கன் ஆண்டான், ரோமாபுரிக்காரன் ஆண்டான். அரியணை காலி. ஆனா தாவீதின் மகன் வருவார்ங்கிற பட்டத்தை மட்டும் அவங்க விடல. வாளோட வந்து எதிரியைத் துரத்துவார்னு சிலர். நீதி சொல்ல வருவார்னு சிலர். ராஜா ஒருத்தர், பலி குடுக்கிற குரு ஒருத்தர், ரெண்டு பேர் வருவாங்கன்னு ஒரு கூட்டம். கழுதைமேல தாழ்மையா வருவார்னும் அவங்க வேதத்துலயே இருக்கு.”

“அப்ப நான் செஞ்சது?”

“அவங்கள்ல பாதிப் பேர் எதிர்பார்த்த ராஜா பாய். நாங்க கும்பிடுறது கழுதையில வந்தவரை. யூதங்க அவரை மெசியான்னு ஏத்துக்கல. அவங்க இன்னும் காத்துக்கிட்டுதான் இருக்காங்க.”

“இன்னுமா?”

“இன்னும்தான்.”

தலைவர் வரக் கொஞ்சம் நேரமானால் மாநாட்டுக் கூட்டம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போவதைப் பார்த்தவன் நான். இவர்கள் ராஜா இல்லாமல், நாடு இல்லாமல், தலைமுறை தலைமுறையாக ஒரு பட்டத்தை அணையவிடாமல் பொத்தி வைத்திருக்கிறார்கள்.

“எங்க உம்மாவும் உங்க கிறிஸ்துவை, ஈஸா நபியை, மஸீஹ்னுதான் சொல்லும் ஃபாதர், உங்க மெசியாங்கிற மாதிரியே. ஏன்னு நான் கேட்டதே இல்ல” என்றேன்.

3. தக்காளி லாரி

வாளை எடுத்துவிட்டுக் கழுதையை வைக்கப்போகிறோம் என்று சேதி போய், ஆரோக்கியசாமி சேறு தெறிக்க மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

“கழுதையா? என் நேர்ச்சைக்குக் கழுதையா? ஊரே சிரிக்கும் பாய்! வாளை எடுத்தீங்கன்னா போர்டையே கழட்டிக்கிட்டுப் போயிடுங்க.”

“வாள் மட்டும் எரியுறதா இருந்தா கோயில் வாசல்ல வேணாம்” என்றார் ஃபாதர், குரலை உயர்த்தாமல்.

ஆரோக்கியசாமி உட்கார்ந்துவிட்டார். “அடுத்த வாரம் மறுபடி ஃப்ளைட்டு ஃபாதர். நேர்ந்துக்கிட்டதை முடிக்காம எப்படிப் போவேன்? போனா இந்தத் தடவை திரும்பி வருவேனா?” என்றார். அது வீம்பில்லை, பயம் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நான் பக்கத்தில் போய்க் குந்தினேன். “தம்பி, அங்க மாட்டிக்கிட்டுக் கிடந்தப்ப யார் வருவாங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தீங்க?”

“பட்டாளம் வரும்னு. கப்பல் வரும்னு. துப்பாக்கியோட யாராவது வந்து தூக்கிட்டுப் போவாங்கன்னு.”

“வந்தாங்களா?”

அவர் சம்பா வயலைப் பார்த்தபடியே சொன்னார். “ஒரு லாரி வந்துச்சு பாய். தக்காளி ஏத்துற ஓட்டை லாரி. ஓட்டினவன் பேர்கூடத் தெரியாது. ஆளுக்கு ஒரு ரொட்டி குடுத்தான். ஏறுங்கன்னு கையைக் காட்டினான். பாலைவனம் பூரா ஓட்டி, ஜோர்டான் எல்லையில இறக்கி விட்டுட்டுத் திரும்பிப் பாக்காமப் போயிட்டான்.”

“அவன் வர்ற வரைக்கும்?”

“இருட்டுதான். கரண்ட் இல்ல. ஒரு பள்ளிக்கூடத்துல படுத்துக் கிடந்தோம்.”

இந்த டெல்டாவில் வேறு எந்த லைட்டுக்காரனுக்கும் அது உதித்திருக்காது. எனக்கு உதித்தது. எழுந்து நின்றேன். “வாளும் இருக்கட்டும், கழுதையும் வரட்டும். எதிர்பார்த்தவர் முதல்ல, வந்தவர் பின்னால. கோவிந்தராஜ், ரோலரைக் கழட்டு!”

ஃபாதர் ஆரோக்கியசாமியைப் பார்த்தார். அவர் சரி என்று தலையை ஆட்டினார்.

4. தகடு ஒட்டாத இடம்

கோவிந்தராஜுக்குக் கழுதைக் காதின் நீளம் தெரியவில்லை. ஆற்றங்கரையில் துணி வெளுப்பவரிடம் ஒரு கழுதை இருந்தது. டேப்போடு போனவன் தொடையைத் தடவிக்கொண்டே வந்தான்.

“உதைச்சிருச்சு பாய்!”

“ராஜா ஏறுற கழுதைடா. மரியாதையா அளக்க வேணாமா?”

பழைய ராஜாவுக்குப் பக்கத்திலேயே கழுதையை நிறுத்தினோம். மேலே உட்கார்ந்தவருக்கு ஆயுதம் கிடையாது, விரித்த கை. முகத்தில் மட்டும் பல்பு வைக்கவில்லை, சுற்றிலும் ஒரு வளையம் வைத்தேன்.

“முகம் எங்க பாய்?” என்றார் ஃபாதர்.

“நபிமார் முகத்தை வரையறது எங்க வழக்கமில்ல ஃபாதர். அது உங்க ஜனங்களுக்குத் தெரியும், அவங்க பாத்துப்பாங்க.”

கடைசியாக ரோலரில் தகடு ஒட்டினேன். ராஜாவுக்கு ஒட்டினேன், கழுதைக்கு ஒட்டினேன். இரண்டுக்கும் நடுவே ஒட்டவில்லை. மெசியா என்ற பட்டத்துக்கு மட்டும் ரோலரைச் சுற்றி முழுத் தகடு.

மறுநாள் மதியத்தோடு மழை விட்டது. பொழுது சாயும்போது பவனி வாசலுக்கு வந்தது. சுவிட்சைத் தட்டினேன். குதிரை பாய்ந்தது, வாள் மின்னியது. விசில் பறந்தது, வெடி போட்டார்கள். பிறகு ராஜா அணைந்தார். மற்றப் பட்டங்களும் அணைந்தன. மெசியா என்ற எழுத்து மட்டும் தனியாக எரிந்தது. அதன் கீழே ஒன்றுமில்லை.

“கரண்ட் போச்சுடா!”

“பாய் தூங்கிட்டாருய்யா, எழுப்புங்க!”

கோவிந்தராஜுக்கே பயம் வந்து ரோலர்மேல் கையை வைத்தான். “தகடு விட்டுப்போச்சா பாய்?”

“கையை எடு.”

சத்தம் மெல்ல அடங்கியது. வயலில் தவளை கத்துவது கேட்டது. எத்தனையோ ஆயிரம் பேரை வெளிச்சத்தைப் பார்க்க வைத்திருக்கிறேன். ஒன்றுமில்லாத இடத்தை ஜனம் மூச்சடக்கிப் பார்த்தது அன்றைக்குத்தான்.

முதலில் கழுதையின் காது எரிந்தது. பிறகு முதுகு. பிறகு அந்த விரித்த கை. கடைசியில் முகத்தைச் சுற்றி வளையம். யாரும் விசில் அடிக்கவில்லை. ஒரு பெண்பிள்ளை குரல் “ஓசன்னா” என்று வரவேற்புப் பாட்டை எடுக்க, கூட்டம் சேர்ந்துகொண்டது. ஆரோக்கியசாமி ஈரத் தரையில் முழங்கால் போட்டுக் கிடந்தார்.

ரோலர் சுற்றி வந்தது. மறுபடி வாள், மறுபடி இருட்டு.

“திரும்பவும் காத்திருக்கணுமா பாய்?” என்று ஃபாதர் காதோரம் கேட்டார்.

“ரோலர் சுத்தத்தானே ஃபாதர் செய்யும்?”

“சரிதான். யூதங்களும் காத்திருக்காங்க. அவர் மறுபடி வருவார்னு நாங்களும் காத்திருக்கோம்.”

“எங்க உம்மாவும் அதையேதான் சொல்லுச்சு” என்றேன். இருவரும் அந்த இருட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மறுநாள் போர்டைக் கழற்றும்போது ஆரோக்கியசாமி வந்தார். பாராட்டத்தான் வருகிறார் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

“நல்லா இருந்துச்சு பாய். ஆனா அந்த இருட்டு இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருக்கலாம்.”

“ஏன் தம்பி?”

“நாங்க காத்துக்கிடந்தது அவ்ளோ கொஞ்சமில்ல.”

என் வேலையில் குறை சொன்னவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொண்டது அந்த ஒன்றைத்தான். அடுத்த வருஷம் அதே வாசலில் அதே போர்டு. தகட்டை உரித்து, நடுவில் இடத்தை நீளமாக விட்டு ஒட்டினேன். தொழிலுக்கு வருகிற பிள்ளைகளே, பட்டத்தை எரியவிட்டுக் கீழே வெறுமையாக விடுங்கள். கூட்டம் கத்தும். கத்தட்டும், கையை வைக்காதீர்கள். ஒரு ஜனம் அந்த இடத்தை எத்தனையோ தலைமுறையாக நிரப்பாமல் வைத்திருக்கிறது. ரோலர் ஒரு சுற்று சுற்றுகிற நேரம் உங்களால் முடியாதா?