நான் கீறிய இலக்கம்

அப்பா ஓட்டிய வானில் சாமான் களவெடுத்தவன் எங்கள் வீட்டிலேயே சாப்பிட்டு, எங்கள் வீட்டிலேயே படுத்தெழும்பினான். அப்பாவுக்கு அது தெரியும். அம்மாவுக்குத் தெரியும். சந்தியில் கராஜ் வைத்திருந்த மாமாவுக்கும் தெரியும். தெரியாமல் துள்ளித் திரிந்த ஒரே ஆள் நான். அப்போது எனக்குப் பதினொரு வயது. வகுப்பில் மொனிற்றர் வேறு. உலகத்தில் நடக்கிற பிழைகளைத் திருத்துவதற்கென்றே பிறந்தவள் என்ற நினைப்பு எனக்கு. வீட்டில் என்னை, ஊர் வழக்கெல்லாம் தீர்க்கிற விதானை என்று பகிடி பண்ணுவார்கள். அது பகிடி என்று விளங்காமல் நான் அந்தப் பட்டத்தைப் பெருமையாகச் சுமந்துகொண்டு திரிந்தேன்.

நெடுங்கேணியிலிருந்து காட்டுக்கரைப் பக்கமாக உள்ளே போனால் எங்கள் வீடு. வயல் இருந்தது, ஆனால் அது மழையை நம்பிய வயல். அப்பாவின் பழைய டொல்பின் வான்தான் எங்களுக்குச் சோறு. காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவார். கிளினிக் நாட்களில் நோயாளிகளை வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார். வெளிநாட்டிலிருந்து வாகனம் இறக்குவதை அரசாங்கம் நிறுத்தி வைத்திருந்த காலம் அது. புதிது வராததால் பழையதன் ஒவ்வொரு துண்டுக்கும் கிராக்கி. சைட் கண்ணாடி, சிக்னல் லைட், முன் கிறில் என்று வெளியில் பூட்டியிருக்கிற எதைக் கழற்றிக்கொண்டு போனாலும், கேள்வி கேட்காமல் வாங்கக் கடைகள் இருந்தன.

எங்கள் வானில் முதலில் போனவை இரண்டு வீல் கப். பிறகு இடப்பக்கச் சிக்னல் லைட். பிறகு முன்னால் இருந்த சின்னம். எல்லாம் பட்டப்பகலில், அப்பா இரண்டு ஓட்டத்துக்கு நடுவில் ஒரு மணித்தியாலம் படுக்கிற நேரத்தில், எங்கள் வளவுக்குள்ளேயே நடந்தன. பக்கத்து வளவு மாமி பழைய இரும்பு வாங்க வருகிற முஸ்லிம் நானாவைக் கைகாட்டினார். ஒருபோதும் குரல் உயர்த்தாத அப்பா அன்று உயர்த்தினார்.

"அந்த மனுசனைச் சொல்லாதையுங்கோ. அவர் அப்பிடிச் செய்யிற ஆள் இல்லை."

அப்படியென்றால் யார் என்று நான் கேட்டேன். போய்ப் படி என்றார்.

அப்பா பொலிசுக்குப் போகவில்லை. அதற்குப் பதிலாக வானைக் கட்டத் தொடங்கினார். மிஞ்சிய வீல் கப் இரண்டையும் கம்பியால் சில்லோடு சேர்த்து முறுக்கினார். கிறிலை மாமாவிடம் கொடுத்து ஆணி அறைந்து இறுக்குவித்தார். திருகாணித் தலைகளில் பசையை ஊற்றிக் காய வைத்தார். இடப்பக்கக் கண்ணாடி வீட்டுச் சுவரோடு முட்டுகிற அளவுக்கு நெருக்கி நிறுத்துவார். வலப்பக்கக் கண்ணாடிக்கு ஒரு மெல்லிய சங்கிலி போட்டு, அதை வானின் யன்னலால் உள்ளே இழுத்து ஆமைப்பூட்டுப் போட்டார். வைப்பர் இரண்டையும் ஒவ்வொரு நாளும் கழற்றுவார். கழற்றியவற்றை வீட்டுக்குள் கொண்டுவர மாட்டார். வெயிலுக்குள் சைக்கிளில் சந்திக்குப் போய் மாமாவின் கராஜில் வைத்துவிட்டு வருவார். வீட்டில் இரண்டு அலுமாரி இருக்க இந்த மனுசன் ஏன் இப்படி அலைகிறார் என்று எனக்கு எரிச்சல் வரும். இப்படியொரு பயந்த அப்பா எனக்கு வாய்த்தாரே என்று வெட்கப்பட்டேன், உண்மையாகவே வெட்கப்பட்டேன்.

அண்ணாவுக்குப் பத்தொன்பது வயது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு இருந்தான். முன்பெல்லாம் என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றி ரியூசனுக்குக் கொண்டுபோவான். நான் எங்கே நின்று கூப்பிட்டாலும் வருவான். அந்த ஆண்டு பகலில் படுத்தே கிடந்தான். மெலிந்துபோனான். மூக்கு ஒழுகிக்கொண்டே இருக்கும், வெயிலுக்குள்ளும் குளிருது என்று போர்த்துக்கொள்வான். நெருப்புக்காய்ச்சல் வந்து போன உடம்பு என்று அம்மா எனக்குச் சொல்லியிருந்தார். நானும் பள்ளிக்கூடத்தில் அப்படியே சொன்னேன். போதைத் தூள் என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் சொன்னதேயில்லை.

அப்பாவிடம் ஒரு திட்டம் இருந்தது. அதை நான் பின்னால்தான் அறிந்தேன். மன்னார்ப் பக்கம் ஒரு பாதிரியார், தூளுக்கு அடிமையான பெடியன்களை வைத்துப் பார்க்கிற ஒரு வீடு நடத்தினார். அங்கே கட்டில் காலியாக வேண்டும். காலியாகிற திகதியை அவர் சொல்லியிருந்தார். அண்ணாவும் வருகிறேன் என்று ஒத்துக்கொண்டிருந்தான். அம்மா கலண்டரில் அந்த நாளைச் சுற்றிக் கோடு போட்டிருந்தார். அண்ணாவுக்கு மன்னாரில் வேலை கிடைத்திருக்கிறது என்று என்னிடம் சொன்னார்கள். அந்த நாள்வரை அவன் பொலிசில் பிடிபடக் கூடாது. பிடிபட்டால் தூள் கொடுத்தவன் யார் என்று கேட்பார்கள். அடிதாங்காமல் பெயரைச் சொல்லிவிடுவான். சொன்னால் அந்த ஆட்கள் அவனை உயிரோடு விடமாட்டார்கள். அப்பா பூட்டும் சங்கிலியுமாக மல்லுக்கட்டியது வானுக்காக மட்டுமில்லை. விற்க ஒன்றும் அகப்படாவிட்டால் அவன் கடைப்பக்கம் போக மாட்டான், அந்த நாள்வரை காலம் எப்படியாவது ஓடிவிடும் என்பதுதான் அவர் கணக்கு.

மாமா ஒருநாள் என் முன்னாலேயே வழி சொன்னார். கண்ணாடி, லைட், கிறில் எல்லாவற்றிலும் வானின் இலக்கத்தை வெட்டிப் பொறித்துவிட்டால் எந்தக் கடைக்காரனும் தொடமாட்டான் என்றார். வெட்டுகிற மெசின் அவரிடம் இருந்தது. சும்மா செய்து தருகிறேன் என்றும் சொன்னார். அப்பா கையை அசைத்து மறுத்தார்.

"வேண்டாம். தெரியாமல் ஆரும் வாங்கினால், பிறகு அது வித்தவனில வந்து நிக்கும்."

"ஓம், அதுவும் சரிதான்," என்றார் மாமா.

எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. விற்றவனில் வந்து நிற்பதற்குத்தானே இலக்கம். கள்ளனுக்காக இரங்குகிற ஒரு வான் சொந்தக்காரனை நான் அன்றுதான் கண்டேன். வீட்டுக்கு வந்ததும் என் கொம்பாஸ் பெட்டியைத் திறந்து கவராயத்தை எடுத்தேன். அடுத்த நாள் அப்பா படுத்திருந்த நேரம், வலப்பக்கக் கண்ணாடியின் கறுப்பு ஓட்டுக்கு அடியில், குனிந்து பார்த்தால் மட்டும் தெரிகிற இடத்தில், வானின் இலக்கத்தை முழுதாகக் கீறினேன். பிளாஸ்டிக் லேசில் இடங்கொடுக்கவில்லை. கவராயத்தின் ஊசி வளைந்தது, விரல் கொப்பளித்தது. இரண்டு நாள் எடுத்து மற்றச் சாமான்களிலும் கீறி முடித்தேன். யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் அப்பா அழிக்கச் சொல்லுவார் என்று தெரியும்.

ஒரு கிழமைக்குள் அந்தக் கண்ணாடி போய்விட்டது. சங்கிலி அறுபடவில்லை. ஆமைப்பூட்டு ஒழுங்காகத் திறந்து தொங்கியது. அப்பா குளிக்கும்போது சாவியைச் சேட் பையில் வைத்துவிட்டுப் போவார் என்பது கள்ளனுக்கு எப்படித் தெரிந்தது என்று இந்த விதானை ஒரு நிமிசம்கூட யோசிக்கவில்லை. எனக்குச் சந்தோசம்தான். இனி ஆள் அகப்படுவான். அப்பா அன்று பின்னேரமே வவுனியாவுக்குப் போய்ப் பழைய கண்ணாடி ஒன்று வாங்கிவந்து பூட்டினார். அம்மா கலண்டர் முன்னால் போய் நின்றதைக் கண்டேன். இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை ஒளித்து வைத்துக் கதை சொல்ல எனக்கு மனமில்லை. அண்ணாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவன் பெயர்களைச் சொன்னான். மூன்று மாதம் விளக்கமறியல் சிறையில் இருந்து, பிணையில் வீட்டுக்கு வந்தான். கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்திருந்தது. தூளை விட்டிருந்தான். என்னோடு இரண்டு நாள் கரம் போட் விளையாடினான், என்னை வெல்லவும் விட்டான். வந்த பதினோராம் நாள் விடியற்காலையில் குளக்கட்டுக்குக் கீழே றோட்டோரம் செத்துக் கிடந்தான். ஏதோ வாகனம் தட்டிவிட்டுப் போயிருக்கிறது என்று பொலிசில் எழுதினார்கள். அப்பா அந்தக் கடதாசியில் கையெழுத்து வைத்தார். வானை விற்றுவிட்டு இப்போது அவர் யாரோ ஒருவரின் உழவு இயந்திரம் ஓட்டுகிறார். அவரோ அம்மாவோ இன்றுவரை என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் எனக்கும் அழ ஒரு சாட்டு இருந்திருக்கும்.

பொலிஸ் வந்தது ஒரு சனிக்கிழமை முற்பகல். ஜீப் எங்கள் படலையில் நின்றது. சார்ஜன் ஒருவர் கையில் ஒரு பையோடு இறங்கினார். பின் இருக்கையில் இரண்டு பொலிஸ்காரருக்கு நடுவில், சாரம் கட்டிய ஒருவர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அவர் வவுனியாவில் பழைய சாமான் கடை வைத்திருப்பவராம், அங்கே சோதனை போட்டபோது களவுச் சாமான் அகப்பட்டதாம். சார்ஜன் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துத் திருப்பி, அடியில் கீறியிருந்த இலக்கத்தைக் காட்டினார். அப்பா குனிந்து பார்த்தார். அந்தக் கீறலை அவர் அன்றுதான் முதன்முதலாகக் காண்கிறார்.

"இது உங்கட வானின்ரயோ?"

"இல்லை சேர். என்ர வானில ரெண்டு கண்ணாடியும் கிடக்கு. பாருங்கோ."

"அப்ப நம்பர்?"

"ஆரும் விளையாட்டுக்குக் கீறியிருப்பினம்."

சார்ஜன் வானைச் சுற்றிப் பார்த்தார். இரண்டு கண்ணாடியும் இருந்தனதான். உங்களுடையது இல்லை என்றால் எனக்கு வேலை இல்லை, உங்களுடையது என்றால் விற்ற பெடியனை இந்தக் கடைக்காரர் அடையாளம் காட்டுவார் என்றார். அப்பா மறுபடியும் இல்லை என்று தலையாட்டினார். சார்ஜன் கண்ணாடியைப் பைக்குள் வைத்தார். இன்னும் இரண்டு நிமிசம், அவ்வளவுதான், ஜீப் திரும்பிப் போயிருக்கும்.

நான் விறாந்தையிலிருந்து இறங்கி ஓடினேன். சாட்சிக்கு எடுத்த கவராயமும் கையில் இருந்தது.

"சேர், அது எங்கடதான். நான்தான் கீறினனான்."

சார்ஜன் என்னைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார். பிள்ளை பொய் சொல்லுதோ என்று சிரித்துக்கொண்டுதான் கேட்டார். சின்னப் பிள்ளை, சும்மா அலட்டுது என்று அப்பா சொல்லியிருக்கலாம். பிள்ளைகளைப் பற்றி எல்லோரும் அப்படிச் சொல்வதுதானே. அப்பா என் கொப்பளித்த விரலைப் பார்த்தார். கன நேரம் பார்த்தார்.

"இல்லை சேர். அவள் பொய் சொல்ல மாட்டாள்."

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். கண்ணாடி எங்களுடையது என்று ஒத்துக்கொண்டாலும் அண்ணா உள்ளே குசினியில் இருக்கிறான், இவர்கள் கண்டால்தானே என்று அவர் எண்ணியிருக்க வேண்டும். குசினிக்குப் பின்கதவு இருந்தது. அதற்கு அப்பால் வேலி, வேலிக்கு அப்பால் ஒரே காடு. பொலிஸ்காரர் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. கடைக்காரரை மட்டும் ஜீப்பிலிருந்து இறக்கி முற்றத்தில் நிறுத்தியிருந்தார்கள்.

இவ்வளவு பெரிய வெற்றி நடக்கும்போது அண்ணா உள்ளே இருக்கலாமா. நான் முற்றத்தில் நின்றபடியே கத்தினேன்.

"அண்ணா, ஓடி வா. எங்கட கண்ணாடி கிடைச்சிட்டுது."

அப்பா என் தோளைப் பிடித்தார். குசினி வாசலால் எனக்கு உள்ளே தெரிந்தது. அம்மா இரண்டு கைகளையும் அண்ணாவின் நெஞ்சில் வைத்து, அவனைப் பின்கதவுப் பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தார். முழுப் பலத்தோடும் தள்ளினார். அண்ணா அசையவில்லை. அம்மாவின் தலைக்கு மேலால் அவன் முற்றத்தைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு அம்மாவின் கைகளை ஒவ்வொன்றாக எடுத்து இறக்கிவிட்டு வெளியே வந்தான்.

அவன் மேலில் ஒன்றும் போட்டிருக்கவில்லை. வெளியாட்கள் முன்னால் இப்படியே போகிறானே என்றுதான் அம்மா தடுக்கிறார் என்று நான் நினைத்தேன். சேட் ஒன்றைப் போட்டுக்கொண்டு வா என்று, முற்றத்தில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிறமாதிரி, நானும் சொன்னேன்.